கழுத்தில் கயிறு உண்டா?

பழைய ஹோப்பி பொம்மை ஒன்று விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. கவிழ்த்துப் பிடித்துப் பாதத்தைப் பார்ப்பார். பீடத்தில் பொருத்திய ஆணித்துளை இருக்கக் கூடாது. எங்கேயும் கையொப்பம் இருக்கக் கூடாது. அடுத்து கழுத்து: கயிறு கட்டித் தொங்கவிட்ட தடம் இருந்தாக வேண்டும். பூச்சு மண்ணிலும் கல்லிலும் எடுத்த வண்ணமாக இருக்க வேண்டும். போஸ்டர் கலர் என்று தெரிந்தால் மதிப்பு இறங்கிவிடும். இத்தனையிலும் தேறினால் அது அசல். தேறாவிட்டால் டூரிஸ்ட் சரக்கு. இந்த ஒரு தீர்ப்பில் பல ஆயிரம் டாலர் கூடும், குறையும்.

இந்தத் தேர்வுக்கு விதி எழுதியவர்கள் யார், அந்த அதிகாரம் அவர்களுக்கு எப்படி வந்தது என்பதுதான் இந்த வாரம் நாம் பார்க்கப்போவது. சென்ற வாரம் பார்த்த ஜப்பானின் கொகேஷி பொம்மைகளுக்கும் சேகரிப்பாளர்கள் மரபுவரிசை வகுத்தார்கள். ஆனால் அங்கே பொம்மையைச் செய்தவரும் வாங்கியவரும் ஒரே தேசத்தவர், ஒரே மொழி பேசியவர்கள். இங்கே அப்படியில்லை.

ஹோப்பி மக்கள் வாழ்வது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கில். உச்சி தட்டையான மூன்று குன்றுகள், அவற்றின் மேலும் அடிவாரத்திலும் சில ஊர்கள். சுற்றிலும் நவஹோ மக்களின் பெரும் பரப்பு. ஹோப்பி ஊர்களில் ஒன்றான ஓரைபி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விடாமல் மனிதர்கள் குடியிருந்துவரும் மிகப் பழைய ஊர்களுள் ஒன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே அடுப்பு எரிகிறது. ஆறு கிடையாது, கால்வாய்ப் பாசனம் கிடையாது. மணலில் குழி ஆழமாகத் தோண்டி மக்காச்சோளம் ஊன்றி மழைக்குக் காத்திருக்கும் விவசாயம். அந்த மழையைக் கொண்டுவருகிறவர்கள் கட்சினாக்கள் என்பது ஹோப்பிகளின் நம்பிக்கை. மேகம், விலங்கு, செடி, முன்னோர் என்று இருநூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களில் அறியப்படும் ஆவி உருவங்கள் அவை. ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தை ஒட்டிய சான் பிரான்சிஸ்கோ சிகரங்களில் அவை வசிக்கின்றன. குளிர்காலத்தில் ஊருக்கு வருகின்றன. ஜூலையில் நடக்கும் நிமான் சடங்கோடு விடைபெற்றுச் செல்கின்றன.

இருக்கும் மாதங்களில் கட்சினாக்கள் ஊர்ச் சதுக்கத்தில் ஆடுகின்றன. பிப்ரவரியில் வரும் பொவாமுயா சடங்கிலும், ஜூலையில் நிமான் அன்றும், சிறுமிகளுக்கு மரத்தில் செய்த சிறு உருவத்தைக் கொடுக்கின்றன. ஹோப்பிகள் அதைத் திஹு என்கிறார்கள். கைக்குழந்தைக்குக் கிடைப்பது தட்டைப் பலகை வடிவம். வளர வளர உருண்டை வடிவான உடலும் கைகளும் சேர்ந்த உருவம். காட்டன்வுட் என்ற மரத்தின் வேரில் செய்தது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. வெள்ளைக் களிமண் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டியிருப்பார்கள். வாங்கிய சிறுமி வீட்டுச் சுவரிலோ உத்திரத்திலோ கயிற்றில் தொங்கவிடுவாள். எந்தக் கட்சினாவுக்கு எந்த முகம், எந்த நிறம் என்று பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பழகிவிடும்.

இப்போது அந்தச் சேகரிப்பாளரின் பட்டியலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சுவரில் தொங்குவதற்குப் பீடம் எதற்கு? கொடுப்பது கட்சினா என்கிறபோது அதில் மனிதக் கையொப்பம் எப்படி இருக்க முடியும்? கோயில் பிரசாதத்தில் மடைப்பள்ளிக்காரர் பெயரை யாரும் தேடுவதில்லை. பீடமின்மையும் பெயரின்மையும் ஒரு கொடையின் இயல்பிலிருந்து வந்தவை. யாரும் அவற்றைத் தர முத்திரையாக நினைத்துச் செய்யவில்லை. வெளியிலிருந்து வந்து விலை கொடுத்து வாங்கியவர்கள்தான் அவற்றை முத்திரையாக்கினார்கள். எந்தப் பொருள் விற்பனைக்காகச் செய்யப்படவில்லையோ அதற்கே அதிக விலை என்ற ஏற்பாடு அங்கே தொடங்குகிறது. விலை கொடுத்ததும் அந்தக் கொடை முடிந்துபோகிறது என்பதை வாங்கியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

வாங்குவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே தொடங்கிவிட்டது. தாமஸ் கீம் என்ற வணிகர் ஹோப்பி நிலத்தருகே கடை வைத்துப் பானைகளோடு பொம்மைகளையும் வாங்கி வெளியே அனுப்பினார். 1893-இல் ஓரைபிக்கு வந்த ஹைன்ரிச் வோத் என்ற மெனனைட் மிஷனரி, ஹோப்பிகளைத் தம் மதத்துக்கு மாற்ற வந்தவர். அதே மனிதர்தான் அவர்களுடைய சடங்குப் பொருள்களைப் பெட்டி பெட்டியாகச் சேகரித்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவரும். சாண்டா ஃபே ரயில் வந்தது. பயணிகளுக்கான விடுதிகளை நடத்திய ஃபிரெட் ஹார்வி நிறுவனம், கிராண்ட் கேன்யனின் விளிம்பில் ஓரைபியின் வீடுகளைப் போலவே கட்டிய ‘ஹோப்பி ஹவுஸ்’ என்ற கடையை 1905-இல் திறந்தது. வடிவமைத்தவர் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர். ரயிலில் வந்து இறங்கியவர் ஹோப்பி ஊருக்குப் போகாமலே ஹோப்பி வீட்டில் நுழைந்து ஹோப்பி பொம்மையை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.

படிப்பாளிகளும் வந்தார்கள். ஜெஸ்ஸி வால்ட்டர் ஃபியூக்ஸ் 1894-இல் இந்தப் பொம்மைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பிறகு ஹோப்பி ஆண்கள் சிலரிடம் தாளும் வண்ணமும் கொடுத்துக் கட்சினா உருவங்களை வரையச் சொன்னார். அந்தப் படங்கள் 1903-இல் புத்தகமாயின. இன்றும் அழகு குறையாத புத்தகம். ஆனால் வரைந்துகொண்டிருந்தபோதே ஊரில் இது சூனிய வேலை என்ற பேச்சு கிளம்பியதை ஃபியூக்ஸே எழுதியிருக்கிறார். யாருக்கு எதைக் காட்டலாம் என்ற கேள்வி ஹோப்பிகளுக்குள் அப்போதே சூடாக இருந்தது. புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு அது எட்டவில்லை. அவர்களுக்கு அது பொம்மைகளை அடையாளம் காணும் கையேடு.

கையேடு என்ற வேலையை முழுமையாகச் செய்தவர் ஹெரால்டு கோல்ட்டன். விலங்கியல் பேராசிரியர், ஃபிளாக்ஸ்டாஃபில் வடக்கு அரிசோனா அருங்காட்சியகத்தை 1928-இல் நிறுவியவர்களில் ஒருவர். 1949-இல் அவர் வெளியிட்ட புத்தகம் கட்சினா பொம்மைகளுக்கு ஒரு திறவுகோல். செடியை இனம் காணத் தாவரவியலார் வைத்திருக்கும் முறையையே கையாண்டார்: மூக்கு குழாய் வடிவமா? ஆம் என்றால் இந்தப் பிரிவு. காது சிவப்பா, கொம்பு ஒன்றா இரண்டா? இப்படியே இறங்கிப்போனால் கடைசியில் ஓர் எண் கிடைக்கும். இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கட்சினாக்களுக்கு எண் கொடுத்திருந்தார். கோல்ட்டன் உழைப்பாளி, ஹோப்பிகளிடம் மரியாதை கொண்டவர். அவரும் மனைவி மேரி-ரஸ்ஸல் ஃபெரெல் கோல்ட்டனும் 1930 முதல் நடத்திய கைவினைக் கண்காட்சி ஹோப்பி குடும்பங்களுக்கு வருமானம் தந்தது. ஆனால் புத்தகம் கையை விட்டுப் போனபின் எழுதியவர் பேச்சைக் கேட்பதில்லை. சேகரிப்பாளர்கள் எண்ணை வைத்துக்கொண்டு பொம்மையைத் தேடத் தொடங்கினார்கள். எண் உள்ளது உண்மையான கட்சினா. எண்ணில் அடங்காதது சந்தேகத்துக்குரியது. ஹோப்பி ஊர்களிலோ ஒரே கட்சினா ஒரு குன்றில் ஒரு விதமாகவும் இன்னொரு குன்றில் வேறு விதமாகவும் வரும். புதியவை வருவதும் பழையவை வராமல் போவதும் உண்டு.

அதே அருங்காட்சியகத்தில் பல்லாண்டு வேலை பார்த்த ஹோப்பி ஒருவர் ஜிம்மி கெவான்விதேவா. கோல்ட்டனுக்குத் தகவல் சொன்னவர்களில் ஒருவர், நுட்பமான சிற்பி. தாம் செய்த பொம்மையின் பாதத்தில் ‘ஜே.கே.’ என்று எழுத்திட்ட முதல் சிலரில் அவரும் ஒருவர். சொந்த ஊரில் இதற்காக முணுமுணுப்பைச் சந்தித்தார். வெளியிலோ, கையொப்பமிட்ட பொம்மை என்பதற்காகவே அவருடையதைத் தேடினார்கள்.

இனி வருவதுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறுத்துவது. ‘அசல்’ என்பதற்கான இலக்கணம் பத்து, இருபது ஆண்டுக்கொரு முறை மாறியது. மாறும் ஒவ்வொரு முறையும் செதுக்குகிறவர்தான் குற்றவாளிக் கூண்டில் நின்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பொம்மைகள் கை வயிற்றில் ஒட்டி, நேராக நிற்பவை. நூற்றாண்டின் நடுவில் வாங்கியவர்கள் அசைவு கேட்டார்கள். காலைத் தூக்கி ஆடும் உருவங்கள் வந்தன. அலமாரியில் நிற்க வேண்டுமே, பீடம் வந்தது. பிறகு அதே பீடம் குறையாயிற்று.

இறகின் கதையும் அப்படித்தான். பழைய பொம்மைகளில் உண்மையான பறவை இறகுகள் உண்டு. 1918-இன் வலசைப் பறவைச் சட்டமும், 1940-இல் வெண்தலைக் கழுகுக்கும் 1962-இல் பொன்னாங்கழுகுக்கும் வந்த பாதுகாப்புச் சட்டமும் ஏட்டில் இருந்தன. 1970-களில் அவற்றைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கியதும், இறகு வைத்த பொம்மையை விற்பதே வழக்கில் முடியக்கூடிய காரியம் ஆனது. சிற்பிகள் இறகையும் மரத்திலேயே செதுக்கினார்கள். ஒவ்வொரு இழையும் தெரியும்படி, முழு உருவமும் ஒரே வேரிலிருந்து. சட்டத்துக்கு இவ்வளவு அழகான பதிலை நான் வேறெந்தக் கைவினையிலும் பார்த்ததில்லை. முதலில் இறகில்லாத பொம்மையா என்று முகம் சுளித்த சந்தை, சில ஆண்டுகளில் ‘ஒரே துண்டு’ என்பதையே உயர்வின் அடையாளமாக்கியது. துணியோ தோலோ ஒட்டவைத்தவை கீழே போயின. மின்கருவியில் நுணுக்கமாகச் செதுக்கிய சிற்பங்கள் போட்டிகளில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கின.

அதே பத்தாண்டில் மேன்ஃபிரெட் சுசுன்கேவா என்ற ஹோப்பி சிற்பி எதிர்த்திசையில் நடந்தார். பழைய முறை: எளிய உடல், மண் வண்ணம், பீடம் இல்லை. அவரைப் பின்பற்றி இன்னும் பலர் வந்தார்கள். இது ஹோப்பிகளுக்குள்ளிருந்து எழுந்த தேர்வு. திஹு எதற்காக இருக்கிறது என்ற நினைவிலிருந்து பிறந்தது. ஆனால் சந்தை அதையும் எடுத்துக்கொண்டு மறுபடி விதியாக்கியது. நுணுக்கச் சிற்பம் இப்போது வெறும் அலங்காரப் பொருள். பழைய பாணியே அசல். நேற்று வரை நுணுக்கம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட சிற்பி, இன்று நுணுக்கம் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பப்படுகிறார். பெயர் தெரியாத ஒருவர் நூறாண்டுக்கு முன் செய்தது அசல், உயிரோடு எதிரே நிற்கும் பேரன் செய்வது நகல் என்ற பேச்சில் ஒரு கொடுமை இருக்கிறது. அந்தப் பேரன்தான் பிப்ரவரி வந்தால் சடங்குக்குரியவர், ஊர்ச் சதுக்கத்தில் இருக்க வேண்டியவர். அசலுக்கும் அவருக்கும் உள்ள உறவு எந்தச் சேகரிப்பாளருக்கும் வாய்க்காது.

வாங்கியவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. மாக்ஸ் எர்ன்ஸ்ட், ஆந்த்ரே பிரெத்தோன் போன்ற ஐரோப்பிய மிகைநடப்பியல் கலைஞர்கள் 1940-களில் போரிலிருந்து தப்பி அமெரிக்காவில் இருந்தபோது இந்தப் பொம்மைகள் மேல் பித்துக் கொண்டார்கள். பிரெத்தோன் 1945-இல் ஹோப்பி ஊர்களுக்கே போய் வந்தார். அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டர், குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற அதே 1964-இல், தம்மிடமிருந்த 437 பொம்மைகளை ஃபீனிக்ஸ் நகரத்தின் ஹெர்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவை இன்று எல்லாரும் பார்க்கக் கிடைக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் ரசனை வேறு, தீர்ப்புச் சொல்லும் உரிமை வேறு.

இங்கேதான் வில்சன் தவாக்வாப்தேவா வருகிறார். ஓரைபியின் கிக்மோங்வி, அதாவது ஊரின் ஆன்மிகத் தலைவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறுப்பேற்று 1960-இல் இறக்கும் வரை அந்த இடத்தில் இருந்தவர். அவர் தலைமையில்தான் ஓரைபி உடைந்தது. பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிக்கு அனுப்பலாமா, வெள்ளையர் ஆட்சியோடு எவ்வளவு ஒத்துப்போவது என்று ஊர் இரண்டாகி, 1906 செப்டம்பரில் தரையில் கோடு கிழித்து இரு தரப்பும் ஒருவரையொருவர் தள்ளிப் பார்த்தார்கள். தோற்ற தரப்பு, யூக்கியுமா என்பவர் தலைமையில், அன்று மாலையே மூட்டை முடிச்சோடு வெளியேறி ஹோட்வில்லா என்ற ஊரை உண்டாக்கியது. வென்ற தவாக்வாப்தேவாவையும் அரசு விட்டுவைக்கவில்லை. ஆங்கிலமும் ‘நாகரிகமும்’ கற்க என்று கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரத்துப் பள்ளிக்குச் சில ஆண்டுகள் அனுப்பியது. திரும்பியபோது அவர் மனம் இறுகியிருந்தது. மதம் மாறியவர்களுக்கு ஊரில் இடமில்லை என்றார். ஓரைபி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாயிற்று.

அந்தக் காலியான ஊரில், வீட்டு வாசலில் உட்கார்ந்து, தேடிவந்த வெளியூர்க்காரர்களுக்கு அவர் பொம்மை செதுக்கி விற்றார். பல பத்தாண்டுகள் விற்றார். மங்கிய வண்ணங்கள், தனித்த உடல்வாகு. பழகிய கண்ணுக்குப் பார்த்ததும் தெரியும் கை. ஆனால் அவர் விற்ற பொம்மைகள் எந்தக் கட்சினாவும் அல்ல. ஒன்றின் காது, இன்னொன்றின் மூக்கு, வேறொன்றின் கன்னக் கோடு என்று வேண்டுமென்றே கலந்து செய்தவை. கோல்ட்டனின் திறவுகோலில் இறங்கிப்போனால் பாதி வழியில் கதவு அடைத்துக்கொள்ளும்.

மரபின் தலைமைக் காவலர் அவர். எந்தக் கட்சினாவுக்கு எது உரியது என்று அவரைவிட அறிந்தவர் அந்த ஊரில் யார்? அறிந்ததால்தான் கலந்தார். புனிதமானது காசுக்குப் போகக் கூடாது, காசும் வேண்டியிருந்தது. புனிதத்தை உள்ளே நிறுத்திக்கொண்டு மரத்தை மட்டும் வெளியே அனுப்பினார். வாங்கியவரை அவர் ஏமாற்றினார் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திஹு விற்கப்படும் பொருள் அல்ல. ஆகவே அவரிடம் வாங்கியவர் திஹுவை வாங்கியிருக்கவே முடியாது. ஒரு பெரிய சிற்பியின் கைவேலையை வாங்கினார், கொடுத்த காசுக்கு மேலேயே பெற்றார். இன்று அந்தப் பொம்மைகள் தவாக்வாப்தேவாவின் பெயராலேயே அருங்காட்சியகங்களிலும் பெரிய சேகரிப்புகளிலும் இருக்கின்றன. எந்தக் கட்சினாவையும் குறிக்காதவை என்பது தெரிந்தபின் அவற்றின் மதிப்பு ஏறியதே தவிர இறங்கவில்லை. சந்தையின் சொந்த இலக்கணப்படி அவை போலிகள். அதே சந்தை அவற்றை அசல் என்று ஏற்றுக்கொண்டது. இதற்குமேல் அந்த இலக்கணத்தை நம்புவது கடினம்.

அப்படியானால் அசல், போலி என்ற பேச்சே வேண்டாமா? வேண்டும். 1970-களிலிருந்து நியூ மெக்சிகோவின் கேலப் போன்ற ஊர்களின் கடைகளில் வேறொரு பொம்மை குவிந்தது. கடைசல் இயந்திரத்தில் செய்த உடல், முயல்தோல், சாயமேற்றிய கோழி இறகு, விலை மலிவு. செய்தவர்களில் பெரும்பாலோர் நவஹோக்கள். அவர்களுடைய சடங்கில் கட்சினா பொம்மைக்கு இடம் இல்லை. 1990-இல் வந்த அமெரிக்க இந்தியக் கலை, கைவினைச் சட்டம், பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்றால் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கிறது; நிறுவனத்துக்கு அபராதம் 10 லட்சம் டாலர் வரை. நவஹோ செய்ததை ஹோப்பி என்று சொல்லி விற்பதும் அதில் குற்றம். நவஹோ செய்தது என்று சரியாக எழுதி ஒட்டிவிட்டாலோ சட்டம் விலகிக்கொள்ளும். ஹோப்பிகளின் ஆத்திரம் அதற்குப் பிறகும் ஆறவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: பெயர்ச்சீட்டைச் சட்டம் காக்கிறது, கட்சினாவை அல்ல. அதே நேரம், வேலையில்லாத ஊரில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து கூலிக்குப் பொம்மை செய்யும் நவஹோ பெண்மீது என்னால் கோபப்பட முடியவில்லை. அவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, ஹோப்பி என்ற சாயலில் விற்கும் வணிகர்மேல் வருகிற கோபம் அது.

ஆக, இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். யார் செய்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதை விற்பவரிடம் கேட்கும் உரிமை வாங்குகிற எவருக்கும் உண்டு. எது உண்மையான கட்சினா என்பதை ஹோப்பிகள் சொல்ல வேண்டும். சொல்ல விரும்பாவிட்டால் சொல்லாமல் இருக்க வேண்டும். 1992-இல் மார்வெல் நிறுவனத்தின் காமிக்ஸ் ஒன்று கட்சினா வேடமிட்ட வன்முறைக் கும்பலைக் கதையில் கொண்டுவந்தது. ஹோப்பிகள் எதிர்த்தார்கள், நிறுவனம் இதழைத் திரும்பப் பெற்றது. அதையொட்டிச் சில ஹோப்பி ஊர்கள் கட்சினா ஆட்டங்களை வெளியாட்கள் பார்க்க விடுவதில்லை என்று முடிவெடுத்தன. ஆட்டத்தைப் பார்க்க முடியாத சேகரிப்பாளர் பொம்மையின் காதில் இருக்கும் கோட்டைப் பற்றி அதிகாரத்தோடு பேசுவது தொடர்கிறது.

பொம்மையோடு நின்றிருந்தால் ஹோப்பிகள் இன்னும் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். சடங்கில் அணியும் முகங்களே சந்தைக்குப் போயின. ஹோப்பிகள் அவற்றை முகமூடி என்று சொல்வதில்லை, நண்பர்கள் என்றே சொல்கிறார்கள். 2013-இல் பாரிஸில் அவை ஏலத்துக்கு வந்தபோது ஹோப்பிகள் தடை கேட்டார்கள். பிரெஞ்சு நீதிமன்றம் மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த ஏலத்தில் அமெரிக்காவின் ஆனன்பெர்க் அறக்கட்டளை, யாருக்கும் தெரியாமல் தொலைபேசியில் ஏலம் கேட்டு, சுமார் 5,30,000 டாலருக்கு 24 பொருள்களை வாங்கியது. 21 ஹோப்பிகளுக்கு, மூன்று சான் கார்லோஸ் அபாச்சி பூர்வகுடியினருக்கு, திருப்பிக் கொடுப்பதற்காக. அந்த ஏலக்கூடத்துக்குள் அடுத்த வாரம் போவோம்.